அவசரம்: ஆட்டோகிராஸ்க்கு டயர் 205ஆ 225ஆ? கார் திரும்பவே மாட்டேங்குது

கோன்ஏறி
எல்லாருக்கும் வணக்கம். இன்னும் ரெண்டு வாரத்துல ஆட்டோகிராஸ் (கோன் வச்ச பாதையில ஒவ்வொருத்தரா நேரம் பாத்து ஓட்டுற கார் போட்டி) இருக்கு. போன தடவை ரொம்ப மோசம், ஸ்டீரிங் எவ்ளோ ஒடிச்சாலும் கார் மூக்கு நேரா வழுக்கிட்டு போய் கோன் மேலயே ஏறுது. டயர் மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அகலம் 205 மிமீ போடவா 225 போடவா? அகலமா போட்டா கிரிப் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. எந்த பிராண்ட் நல்லாருக்கும்? இன்னைக்கே ஆர்டர் போடணும், சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

மூணாவதுகியர்
ப்ரோ என்ன கார்னே சொல்லல. முன்சக்கர ட்ரைவா பின்சக்கரமா? ரிம் எத்தனை இஞ்ச்? அதைவிட முக்கியம் ரிம்மோட அகலம் எவ்ளோ? இப்ப என்ன சைஸ் ஓடிட்டு இருக்கு? போட்டில எந்த கிளாஸ்ல (பிரிவுல) பேர் குடுத்திருக்கீங்க?

காத்துமானி
டயர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, பிரஷர் எவ்ளோ வச்சு ஓட்டுனீங்க? கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பாத்து வச்சிருந்தா அது குடும்பத்தோட ஊருக்கு போறதுக்கான பிரஷர், ஆட்டோகிராஸ்க்கு இல்ல. மூக்கு தள்ளுதுன்னு வர்ற பத்து பேர்ல எட்டு பேருக்கு காத்துதான் பிரச்சனைன்னு நான் அடிச்சு சொல்வேன்

பழையசக்கரம்
தம்பி, இந்த கேள்வி மாசத்துக்கு ஒரு தடவை வருது, தேடிப் பாத்தாலே பதில் கிடைக்கும். மூக்கு தள்ளுதுன்னா முதல்ல சீட்டுல உக்காந்திருக்கிறவர் வேகத்தோட போய் விழுறார்னு அர்த்தம். பிரேக்கை நேரா இருக்கும்போதே முடிச்சு, மெதுவா உள்ள போய், கார் திரும்பினதுக்கப்புறம் ஆக்சிலரேட்டர் மிதிக்கணும். அதை கத்துக்காம டயர்ல காசைக் கொட்டுனா வேகமா போய் அதே கோன்ல ஏறுவீங்க. முதல் வருஷம் முழுக்க சாதா டயர்ல ஓட்டுங்க, நாங்கல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்

கோன்ஏறி
முன்சக்கர ட்ரைவ் ஹேட்ச்பேக்தான். 15 இஞ்ச் ரிம். ஸ்ட்ரீட் கிளாஸ். பிரஷர் 32 நாலுக்கும்

மூணாவதுகியர்
15ங்கிறது விட்டம் ப்ரோ, நான் கேட்டது அகலம். சக்கரத்தோட உள்பக்கம் இல்லனா ஸ்போக் பின்னாடி பாருங்க, 15 x 6ஜே, 15 x 6.5ஜே அப்படின்னு வார்ப்புல இருக்கும். பக்கத்துலயே ஈடி 40, ஈடி 45ன்னு ஆஃப்செட்டும் (ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து கார்ல மாட்டுற முகம் எத்தனை மிமீ தள்ளி இருக்குன்னு) இருக்கும். ரெண்டையும் எழுதுங்க. அப்படியே டயர் சைட்வால்ல (பக்கச்சுவர்ல) டாட் (DOT) னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு நம்பரும் வேணும்

ஈரத்தரை
ரூல்ஸ் புக்கையும் ஒரு தடவை படிங்க. ஸ்ட்ரீட்னு பேர் வச்ச கிளாஸ்ல ட்ரெட்வேர் (டயர் எவ்ளோ உழைக்கும்னு கம்பெனி அதுமேல போடுற நம்பர்) 200க்கு கீழ இருந்தா உள்ளயே விடமாட்டாங்க, அமெரிக்க எஸ்சிசிஏ (அங்க இந்தப் போட்டி நடத்துற கிளப்) ஸ்ட்ரீட்ல அதுதான் கணக்கு, அதோட ரிம் அகலத்தையும் கம்பெனி குடுத்ததுல இருந்து மாத்தக் கூடாது. உங்க ஈவண்ட்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம டோயோ ஆர்888ஆர் மாதிரி 100 ட்ரெட்வேர் டயரை வாங்கிட்டா ஸ்க்ரூட்டினியிலேயே (போட்டிக்கு முன்னாடி கார் சோதனையிலேயே) திருப்பி அனுப்பிடுவாங்க

கோன்ஏறி
15 x 6ஜே ஈடி 45ன்னு இருக்கு. இப்ப இருக்கிற டயர் 185/60 ஆர்15. கடைசி நாலு நம்பர் 2317. ரூல்ஸ்ல 200 ட்ரெட்வேர், கம்பெனி ரிம் அகலம்தான்னு போட்டிருக்கு. அப்போ 225 ஆர்டர் போட்டுடவா?

மூணாவதுகியர்
போடாதீங்க!! கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமா எழுதப் போறேன்.

225/45 ஆர்15க்கு (225 மிமீ அகலம், அதுல 45 சதவீதம் சைட்வால் உயரம், 15 இஞ்ச் ரிம்) குறைஞ்சது 7 இஞ்ச் அகல ரிம் வேணும், அது நிஜமா நல்லா உக்காருறது 7.5 இல்ல 8ல. உங்க கிட்ட இருக்கிறது 6. அதுல 225ஐ ஏத்துனா ரெண்டு ஓரமும் உள்ள இழுத்துக்கிட்டு டயர் பலூன் மாதிரி உப்பி நிக்கும், ட்ரெட் (தரையத் தொடுற பகுதி) நடுவுல மேடாயிடும், சைட்வால் ரிம்முக்கு வெளிய தொங்கிட்டு இருக்கும். நீங்க ஸ்டீரிங் ஒடிச்சதும் முதல்ல சைட்வால் மடங்கும், அது மடங்கி முடிச்சதுக்கப்புறம்தான் ட்ரெட்டுக்கே சேதி போகும். ஆட்டோகிராஸ்ல ஸ்லாலம்ல கோனுக்கு கோன் இடம் வலம்னு மாறிட்டே இருக்கணும், ஒவ்வொரு தடவையும் அந்த தாமதத்தை சுமந்துட்டு ஓட்டுவீங்க. அகலமான டயர் நல்லதுங்கிறது அதுக்கேத்த ரிம் இருந்தாத்தான். கம்பெனி சொல்ற அளவுக்கு கீழ இருக்கிற ரிம்ல மாட்டுறது பாதுகாப்பும் இல்ல, எந்த நல்ல டயர்காரரும் மாட்டித் தரமாட்டார்.

ரிம்மை மாத்தலாமேன்னு தோணும், ஆனா உங்க ரூல்ஸ் விடல. விட்டாலும் அதே ஈடி 45ல 7 இஞ்ச் போட்டா உள்ள 12.7 மிமீ வெளிய 12.7 மிமீ தள்ளும், உள்பக்கம் ஸ்ட்ரட்டுல (சஸ்பென்ஷன் தூண்ல) இடிக்குமான்னு அளந்து பாக்கணும். அது வேற கிளாஸ், வேற கதை.

உங்களுக்கு மிச்சம் ரெண்டே வழி. 195/55 ஆர்15, இல்லனா 205/50 ஆர்15. 195/55க்கு 5.5ல இருந்து 7 வரைக்கும் ரிம் சரி, டயரோட அகலத்தை கம்பெனி அளந்து சொல்றதே 6 இஞ்ச் ரிம்ல வச்சுத்தான், அதனால உங்க ரிம்முக்குன்னே செஞ்ச மாதிரி உக்காரும். 205/50க்கு 5.5ல இருந்து 7.5, அளவு ரிம் 6.5, உங்க 6ல போட்டா சொன்ன அகலத்துல ஒரு 5 மிமீ குறைஞ்சு வரும், ஆனா எல்லைக்குள்ளதான் இருக்கு. போட்டிக்கான டயர்கள் 205/50 ஆர்15ல நெறைய வருது. நான்னா 205/50.

அடுத்து உயரம். 185/60 மொத்த விட்டம் 603 மிமீ, 195/55 போட்டா 595.5, 205/50 போட்டா 586. கிட்டத்தட்ட 3 சதவீதம் சின்ன சக்கரம். நல்லது என்னன்னா கார் கொஞ்சம் இறங்கும், கியர் சின்னதாகி கார்னர்ல இருந்து சுருக்குனு வெளிய வரும். கெட்டது, ரெண்டாவது கியர்ல இப்ப 90 கிமீ வேகத்துல லிமிட்டர் (எஞ்சினை அதுக்கு மேல சுத்த விடாம தடுக்கிறது) தட்டுதுன்னா அப்புறம் 87லயே தட்டும். கோர்ஸ்ல நீளமான நேர்பகுதி இருந்தா அந்த ஒரு இடத்துக்காக மூணுக்கு மாத்தணுமா வேண்டாமான்னு யோசிக்க வேண்டி வரும். ஸ்பீடோமீட்டரும் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

லோட் இண்டெக்ஸையும் (ஒரு டயர் தாங்குற எடைக்கான நம்பர்) விட்டுடாதீங்க, 185/60ல 84, அதாவது 500 கிலோ. 205/50ல 86 வரும், 530 கிலோ, கவலை இல்ல. யாராவது 195/50 சொன்னா அது 82தான், 475 கிலோ, கம்பெனி குடுத்ததைவிட கீழ, தொடாதீங்க

காத்துமானி
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா 32 நாலுக்கும்னு சொன்னாரே அதை யாரும் பாக்கலையா? முன்சக்கர ட்ரைவ் கார்ல எஞ்சின் எடை முன்னாடி, திருப்புறதும் முன்சக்கரம் இழுக்கிறதும் முன்சக்கரம், அந்த டயர்தான் மடங்கி ஓரத்துல நடக்குது. ஒரு சாக்பீஸ் எடுத்து ட்ரெட் ஓரத்துல இருந்து சைட்வால் வரைக்கும் குறுக்கால மூணு இடத்துல கோடு போடுங்க. சைட்வால்ல சின்னதா ஒரு முக்கோணக் குறி இருக்கும், பல டயர்ல ஷோல்டர் (ட்ரெட்டும் சைட்வாலும் சேருற ஓரம்) பக்கத்துலயே இருக்கும். ஒரு ரன் முடிச்சு வந்து பாருங்க, சாக்பீஸ் அந்த முக்கோணத்தைத் தாண்டி அழிஞ்சிருந்தா காத்து பத்தல, முக்கோணத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னுருச்சுன்னா ஜாஸ்தி. முன்னாடி ரெண்டு ரெண்டு பிஎஸ்ஐயா ஏத்திப் பாருங்க. பின்னாடி தனியா முடிவு பண்ணலாம், பின்பக்கம் கொஞ்சம் ஏத்தி வச்சா வால் சுலபமா சுத்தி வந்து மூக்கு தள்ளுறது குறையும்

கேம்பர்பித்தன்
காத்து ஏத்துறது ஒட்டுப்போடுறது மாதிரிதான். அந்த டயர் ஏன் ஓரத்துல நடக்குதுன்னு கேளுங்க. முன்னாடி இருக்கிறது மெக்பெர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன், கார் சாயும்போது வெளிப்பக்க சக்கரமும் கூடவே சாயுது, நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்பக்கமா சாஞ்சிருக்கிறது) இல்லாததால ட்ரெட்டோட வெளி ஓரம் மட்டும்தான் தரையத் தொடுது. ரூல்ஸ் விட்டா முன்னாடி மைனஸ் 2ல இருந்து 3 டிகிரி வரைக்கும் போகலாம், கம்பெனி போல்ட்டோட துளையில இருக்கிற லூஸான இடைவெளி அளவுக்கு சக்கரத்தோட மேல்பக்கத்தை முழுசா உள்ள தள்ளுனாலே அரை டிகிரியாவது கிடைக்கும். ட்ரெட்ல உள்ளோரம் நடு வெளியோரம் மூணு இடத்துலயும் ஊசி வெப்பமானி வச்சுப் பாருங்க, வெளியோரம் மட்டும் கொதிச்சா கேம்பர் குறைவு, நடு மட்டும் சூடுன்னா காத்து ஜாஸ்தி

ஈரத்தரை
எல்லாரும் 2317ஐ தாண்டிப் போயிட்டீங்க. அது 2017ல 23வது வாரம் செஞ்ச டயர். ட்ரெட் எவ்ளோ மிச்சம் இருந்தாலும் ரப்பர் எண்ணெய் வத்தி இறுகிப் போயிருக்கும். அவர் மூக்கு தள்ளுறதுக்கு இது ஒண்ணே போதும். புது டயர் வாங்கும்போதும் அந்த நாலு நம்பரைப் பாத்துட்டு வாங்குங்க, ஒரு தடவை எனக்கு ஒரு கடையில புதுசுன்னு குடுத்தது நாலு வருஷம் கோடவுன்ல தூங்குனது, மாட்டினதுக்கப்புறம்தான் பாத்தேன்.

பிராண்ட் கேட்டாரு. ஒரு ரன் சுமார் ஒரு நிமிஷம்தான், டயர் முதல் கார்னர்லயே முழிச்சிருக்கணும். யோகோஹாமா அட்வான் ஏ052 சீக்கிரம் சூடேறும், அதனால ஆட்டோகிராஸ்ல பேர் வாங்குனது, ஆனா அடுத்தடுத்து ரன் போனா அதிகமா கொதிச்சு வழுக்க ஆரம்பிக்கும், ஒரே கார்ல ரெண்டு பேர் ஓட்டுறவங்க நடுவுல தண்ணி தெளிச்சு ஆத்துவாங்க. பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா ஆர்இ-71ஆர்எஸ் அதே ரகம். ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4 ரொம்ப நாள் உழைக்கும், ஆனா சூடேற நேரம் எடுக்கும், அது ட்ராக்ல இருபது நிமிஷம் சுத்துறவங்களுக்கு. மூணுமே 200 ட்ரெட்வேர்தான்

பழையசக்கரம்
மூணும் 200ன்னு சொல்லிட்டு மூணும் வேற வேறன்னும் சொல்றீங்க. அந்த நம்பரை அளவுகோலா வச்சு கிளாஸ் பிரிக்கிறதே அபத்தம். அந்த டெஸ்ட்டை கம்பெனியே பண்ணி கம்பெனியே நம்பர் போட்டுக்குது. 200ன்னா ஒப்பீட்டு டயரைவிட ரெண்டு மடங்கு உழைக்கும்னு அர்த்தம், கிரிப்புக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. ஏ052 எத்தனை ஈவண்ட் தாங்குது ஆர்எஸ்4 எத்தனை தாங்குதுன்னு ஓட்டுனவனைக் கேளுங்க

ஈரத்தரை
சம்பந்தம் இல்லன்னு நான் எங்க மறுத்தேன்? ரூல்ஸ்ல அந்த நம்பர் இருக்கு, உள்ள போகணும்னா அது வேணும், அவ்ளோதான். நம்பரே வேண்டாம்னா ஹூசியர் ஏ7 (ரேஸுக்குன்னே செஞ்ச டயர்) வாங்க முடிஞ்சவன் ஒருத்தன் மட்டும் ஜெயிப்பான். அது உங்களுக்கு சரியா படுதா?

பழையசக்கரம்
அதுக்கு டயர் பேரை வச்சே பட்டியல் போடலாம், இதை இதை அனுமதிக்கிறோம்னு. நான் பதினஞ்சு வருஷமா சொல்றேன், ஒருத்தரும் கேக்கல

கேம்பர்பித்தன்
பட்டியல் போட்டா வருஷா வருஷம் புது டயர் வரும்போதெல்லாம் சண்டை வரும் சார். இப்ப ஒரு நம்பரோட முடியுது

மூணாவதுகியர்
இதுக்கு தனி இழை ஆரம்பிங்க, அவரு இன்னைக்கு ஆர்டர் போடணும்னு நிக்கிறாரு. @கோன்ஏறி இன்னொண்ணு, புது டயர் மாட்டினதும் ஈவண்ட்டுக்கு நேரா போயிடாதீங்க. மோல்டுல இருந்து வந்த வழவழப்பு போகணும், அதுக்கு ஒரு நூறு கிலோமீட்டராவது நிதானமா ஓட்டிட்டு வாங்க. பிரஷரை காலைல குளிரா இருக்கும்போது ஒரு தடவை, ஒவ்வொரு ரன் முடிஞ்சதும் ஒரு தடவை எழுதி வைங்க. டயர் 5 டிகிரி சூடேறுனாலே கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ ஏறும், அதனால காலைல வச்ச நம்பர் மத்தியானம் அதே நம்பரா இருக்காது

பழையசக்கரம்
சரி, டயர் மாத்தத்தான் போறாருன்னா ஒண்ணு மட்டும் சொல்றேன், தம்பி கேட்டுக்கோங்க. முதல் ரன்ல பழைய பிரேக் இடத்துலயே பிரேக் பிடிங்க. புது ரப்பர் எவ்ளோ பிடிக்குதுன்னு கால்ல தெரிஞ்சுட்டு அப்புறம் தள்ளிப் போடுங்க. பழைய டயர் கத்தி எச்சரிக்கும், இந்த டயர் கத்தாம இருந்துட்டு ஒரேயடியா விடும்

காத்துமானி
@கோன்ஏறி ஆர்டர் போட்டாச்சா? எந்த சைஸ்?

காத்துமானி
ஒரு வாரமாச்சு, என்ன ஆச்சுன்னு ஒரு வரி போடுங்க ப்ரோ

கோன்ஏறி
சாரி எல்லாருக்கும், வேலைல மாட்டிக்கிட்டேன். 205/50 ஏ052 போட்டேன், நேத்துதான் ஈவண்ட். போன தடவை பழைய டயர்லயே முதல் ரன் ஓட்டி சாக்பீஸ் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி காலி இடத்துல பழசுல போட்டுப் பாத்தேன், முக்கோணத்தை எங்கயோ தாண்டி அழிஞ்சிருந்துச்சு. புதுசுல மூக்கு தள்ளுறது பாதிக்கு மேல போயிடுச்சு, கோன் ஒண்ணுகூட தொடல. ரெண்டாவது கியர்ல லிமிட்டர் தட்டுச்சு, சொன்ன மாதிரியே, நேர்பகுதி கடைசில. மூணுக்கு மாத்தல. கேம்பர் அடுத்த மாசம். ரொம்ப நன்றி

காத்துமானி
சூப்பர்! குளிர்ல முன்னாடி எவ்ளோ வச்சீங்க, ரன் முடிஞ்சு எவ்ளோ இருந்துச்சு?

மூணாவதுகியர்
நல்லாருக்கு ப்ரோ. அதே கேள்விதான் எனக்கும், 6 இஞ்ச் ரிம்ல 205 ஓட்டுறவங்க இங்க இன்னும் நாலஞ்சு பேர் இருக்காங்க, அந்த நம்பர் ரெண்டும் கிடைச்சா அவங்களுக்கு உதவும்

கேம்பர்பித்தன்
அலைன்மென்ட் பண்ணதும் டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) எவ்ளோன்னும் எழுதுங்க

காத்துமானி
@கோன்ஏறி ?