ஸ்டாக் ஸ்மாஷிங் எரர் வருகிறது, அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடலாமா? (போர்வெல் மோட்டார் சர்வர்)

சின்னாற்றங்கரை எழுதியது:

வணக்கம். தர்மபுரியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போர்வெல் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் போட்ட கன்ட்ரோலர் ஒன்றை வைத்துக் கொடுப்போம், விவசாயி வீட்டிலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கம் நிறையப் பெட்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பெட்டியும் எங்கள் சர்வரின் டிசிபி போர்ட் ஒன்றில் இணைந்து வோல்டேஜ், மூன்று பேஸின் ஆம்ப்ஸ், மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பதை அனுப்பும். சர்வர் சி மொழியில் எழுதியது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் இப்போது என் கையில் இருக்கிறது.

பழைய சென்ட்ஓஎஸ் மெஷினிலிருந்து உபுண்டுவுக்கு மாற்றி அங்கேயே கம்பைல் செய்தோம். அதிலிருந்து 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று ஒரு வரி வந்து சர்வர் விழுகிறது, ஒரு ஸ்கிரிப்ட் அதை மறுபடி எழுப்புகிறது. விழுவதற்கு முன் லாகில் இருக்கும் ஐபி எங்கள் சிம் எதனுடையதும் இல்லை, எங்கிருந்தோ வருகிறது. ஆனால் அப்படி வெளி ஐபி வரும்போதெல்லாம் விழுவதும் இல்லை, இதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மெசேஜ் அமைப்பு எளிமையானது. முதல் 2 பைட் நீளம், அப்புறம் அந்த நீளத்துக்கு டேட்டா. அந்த டேட்டாவை ஃபங்ஷனுக்குள் இருக்கும் 256 பைட் அரே (நினைவகத்தில் ஒதுக்கிய தொடர் இடம்) ஒன்றில் லூப் போட்டு வாங்குகிறோம்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், கம்பைல் செய்யும்போது ஸ்டாக் ப்ரொடெக்டரை (இந்த எரரைக் கொடுக்கும் பாதுகாப்பை) அணைத்துவிடு, பழைய மெஷினில் நன்றாகத்தானே ஓடியது என்கிறார். செய்யலாமா? பெட்டிகளின் ஃபர்ம்வேரை மாற்ற முடியாது, தோட்டம் தோட்டமாகப் போய்க் கழற்ற வேண்டும். சர்வரில் மட்டும்தான் கைவைக்க முடியும்.

தளி ரோடு எழுதியது:

அணைக்காதீர்கள் தம்பி. அந்த வரி பிரச்சினை அல்ல, பிரச்சினையைப் பிடித்துக் கொடுத்த ஆள். பழைய மெஷினிலும் இதே தவறு நடந்திருக்கும், அங்கே கம்பைலர் சரிபார்க்கும் புரோகிராம் கோடைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த மெஷினின் சிஸ்லாக் இருந்தால் 'செக்ஃபால்ட்' (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு விழுந்ததன் பதிவு) என்று தேடிப் பாருங்கள், உங்கள் ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட் எத்தனையை மூடி மறைத்திருக்கிறது என்று தெரியும்.

எப்போதாவது மட்டும் விழுவதற்குக் காரணம் சொல்கிறேன். இணையத்தில் திறந்திருக்கும் எந்தப் போர்ட்டையும் ஸ்கேனர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெப் சர்வர் என்று நினைத்து 'கெட்' என்று தொடங்கும் ஒரு கோரிக்கையை அனுப்பும். உங்கள் சர்வர் அதன் முதல் இரண்டு எழுத்தான ஜி, ஈ இரண்டையும் நீளம் என்று படிக்கிறது. ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 47, 45. நெட்வொர்க் வரிசையில், அதாவது முதல் பைட்டைப் பெரிய இடமாக வைத்துச் சேர்த்தால் 18245. அதாவது 18245 பைட் வரப்போகிறது என்று நம்பி 256 பைட் அரேயில் வாங்க ஆரம்பிக்கிறது. கோரிக்கை சின்னதாக இருந்தால் 256க்குள் முடிந்துவிடும், ஒன்றும் ஆகாது. ஹெடர் நீளமாக இருந்தால் அரே தாண்டி எழுதும். டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த) இணைப்பு முயற்சி வந்தாலும் அதே கதைதான், அதன் முதல் இரண்டு பைட் ஹெக்ஸில் 16, 03, உங்கள் கணக்கில் 5635.

ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதியில்) அந்த அரேவுக்கு அப்பால், ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கம்பைலர் ஒரு ரகசிய எண்ணை வைக்கும், கேனரி என்பார்கள். ஃபங்ஷன் திரும்பும் முன் அது மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் புரோகிராமை நிறுத்திவிடும். அதை எடுத்துவிட்டால் திரும்பும் முகவரியை அனுப்புகிறவன் தன் இஷ்டத்துக்கு எழுதலாம். 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற தானாகப் பரவும் புரோகிராம் ஃபிங்கர் சர்வருக்குள் (பயனர் விவரம் சொல்லும் சர்வர்) நுழைந்தது இப்படித்தான். அங்கே 512 பைட் பஃபர், நீளமே கேட்காத கெட்ஸ் ஃபங்ஷன், வார்ம் அனுப்பியது 536 பைட். அந்த கெட்ஸை சி மொழியின் தரத்திலிருந்தே 2011இல் எடுத்துவிட்டார்கள்.

இதுவரை உங்களிடம் வந்தது குறி வைக்காத ஸ்கேன். குறி வைத்து ஒருவன் வந்தால்? உங்கள் சர்வர் மோட்டாரைப் போடும் சர்வர். போர்வெல்லில் தண்ணீர் இல்லாத நேரத்தில் மோட்டாரை ஓடவிட்டால் அதன் கம்பிச் சுருள் கருகிவிடும். நம் பக்கம் ஆயிரம் அடி போட்ட போரிலிருந்து மோட்டாரை மேலே தூக்கி, ரீவைண்டிங் செய்து, மறுபடி இறக்க என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டார்ட்டரில் யாராவது கைவைத்திருக்கும் நேரமாக இருந்தால் அது உயிர் விஷயம்.

சின்னாற்றங்கரை எழுதியது:

அண்ணா, 18245 கணக்கைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது, லாகில் விழுந்த இணைப்புகளின் அளவும் 256க்கு மேல்தான் இருக்கிறது. அப்படியென்றால் நீளம் 256க்கு மேல் போனால் இணைப்பை மூடு என்று ஒரு வரி போட்டால் போதுமா? புரோகிராம் கோடு முழுக்க ஸ்டர்காப்பி (அளவு பார்க்காமல் எழுத்துகளைக் காப்பி செய்யும் ஃபங்ஷன்) இருக்கிறது, அதையெல்லாம் அளவு கொடுத்துக் காப்பி செய்யும் ஸ்டர்என்காப்பி ஆக்கிவிடவா?

பர்கூர் பழைய மாணவி எழுதியது:

அந்த ஒரு வரியை இன்றைக்கே போடுங்கள், அதில் தாமதம் வேண்டாம். ஆனால் அதோடு நிற்க முடியாது.

நீளத்தை எந்த டைப்பில் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நெகட்டிவ் எடுக்கக்கூடிய டைப்பாக இருந்தால், பெரிய எண் நெகட்டிவாக மாறி '256க்கு மேல் இல்லை' என்ற சோதனையைத் தாண்டிவிடும். ரிசீவ் ஃபங்ஷனுக்குப் போகும்போது அதே எண் மறுபடி மிகப் பெரிய எண்ணாகிவிடும். 2013இல் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரிலேயே இந்த வகைத் தவறு இருந்தது, 1.3.9 முதல் 1.4.0 வரை, 1.4.1இல் சரிசெய்தார்கள். அவ்வளவு கவனமாக எழுதுகிற கூட்டத்திடமே தப்பியது என்றால் நாம் ஒவ்வொரு வரியையும் நின்று படிக்க வேண்டும்.

கீழ் எல்லையையும் சோதியுங்கள். உங்கள் மெசேஜில் 4 பைட் ஹெடர் இருக்கிறது என்று வையுங்கள், டேட்டாவின் அளவை நீளம் கழித்தல் 4 என்று போட்டிருப்பார்கள். யாராவது நீளம் 2 என்று அனுப்பினால் நெகட்டிவ் இல்லாத டைப்பில் அது கோடிக்கணக்கில் போய் நிற்கும், நினைவகத்தைக் காப்பி செய்யும் மெம்காப்பி அதை அப்படியே நம்பும்.

ஸ்டர்என்காப்பி வேண்டாம். மூலம் நீளமாக இருந்தால் அது கடைசியில் பூஜ்ய பைட் போடாது, அடுத்து படிக்கிற ஃபங்ஷன் எல்லை தாண்டிப் படித்துக்கொண்டே போகும். அளவுக்கு உட்பட்டு எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷனைப் பயன்படுத்தி அது திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள், அரேயின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் டேட்டா அடங்கவில்லை என்று பொருள். அடங்கவில்லை என்றால் வெட்டிச் சேமிக்காதீர்கள், மெசேஜையே நிராகரித்துவிடுங்கள். உங்கள் தொழிலில் இது ரொம்ப முக்கியம், பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டால் அது வேறொருவர் தோட்டத்துப் பெட்டியின் எண்ணாகிவிடலாம்.

இன்னொரு இடம் பலரும் பார்க்காதது: பதில் அனுப்பும் பகுதி. வந்த மெசேஜை அப்படியே திருப்பி அனுப்பி உறுதி செய்கிறீர்களா? அப்போது அனுப்பியவர் சொன்ன நீளத்தை எடுக்கிறீர்களா, உண்மையில் வந்த நீளத்தையா? 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை அதுதான், மறையாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் தன் நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை கேட்டவனுக்கு அள்ளிக் கொடுத்தது. சர்வர் விழாது, லாகிலும் ஒன்றும் தெரியாது.

கேனரி இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபோர்க் செய்யும் (தன் நகலாக ஒரு பிள்ளை புராசஸை உருவாக்கும்) சர்வர் என்றால் எல்லாப் பிள்ளை புராசஸுக்கும் அதே கேனரிதான். விழவிழ ஒவ்வொரு பைட்டாக ஊகித்துக் கண்டுபிடிக்கலாம், 2014இல் ஸ்டான்ஃபோர்டில் இதைச் செய்தே காட்டினார்கள், அதுவும் மேலே சொன்ன என்ஜின்எக்ஸ் மீதே.

ஒகேனக்கல் எழுதியது:

இவ்வளவு தலைவலி எதற்கு? கோ அல்லது ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதிவிடுங்கள், பெட்டி பேசும் மொழி அப்படியே இருக்கலாம். எல்லை தாண்டினால் அந்த மொழிகளே நிறுத்திவிடும்.

பர்கூர் பழைய மாணவி எழுதியது:

திரும்ப எழுதுவது நல்ல யோசனைதான், இந்த அளவு சர்வருக்கு அது முடியாத வேலையும் இல்லை. ஆனால் எழுதி முடித்து, எல்லாப் பெட்டியோடும் சோதித்துப் பார்க்கும் வரை பழையது திறந்தே இருக்கும். முதலில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். சிம் கொடுத்த நிறுவனத்திடம் தனி ஏபிஎன் (உங்கள் சிம்களுக்கு மட்டுமான தனி இணைப்பு வழி) கேளுங்கள், பெட்டிகள் அதன் வழியாக மட்டும் வந்தால் அந்தப் போர்ட் பொது இணையத்துக்குத் தெரியவே வேண்டாம். சர்வர் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓடினால் அதையும் மாற்றுங்கள். அப்புறம் மேக்ஃபைலை (கம்பைல் கட்டளைகள் இருக்கும் கோப்பை) பாருங்கள், ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் உபுண்டு தரும் ஃபோர்டிஃபை சோதனைகள் (காப்பி ஃபங்ஷன்களில் அளவு பார்ப்பவை) வேலை செய்யாது. ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் ஆப்ஷனைப் போடுங்கள். சோதனை மெஷினில் அட்ரஸ் சானிடைசரோடு (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) தனியாக ஒரு பில்டு வைத்து, மெசேஜைப் பிரிக்கும் ஃபங்ஷனை மட்டும் பிரித்தெடுத்து ஏஎஃப்எல் பிளஸ் பிளஸ் என்ற சோதனைக் கருவி கொண்டு கண்டபடி டேட்டா ஊட்டுங்கள்.

சின்னாற்றங்கரை எழுதியது:

நீளச் சோதனை இரண்டு பக்கமும் போட்டாயிற்று, ஸ்டாக் எரர் நின்றுவிட்டது. மூத்தவரிடம் 18245 கணக்கைக் காட்டியதும் அவரே ஓ2 போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டால் இப்போது வேறு வரி வருகிறது, 'பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்'. இந்த முறை வெளி ஐபி இல்லை, எங்கள் சொந்தப் பெட்டிகள். அதுவும் புதிதாக வாங்கிய சிம் போட்ட பெட்டிகள் மட்டும். ஜிடிபி டீபக்கரில் பார்த்தால் சிம் எண்ணை ஸ்ட்ரக்சருக்குள் (பல உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) காப்பி செய்யும் ஸ்டர்காப்பி வரியில் நிற்கிறது, அட்ரஸ் சானிடைசர் பில்டில் அதே மெசேஜுக்கு ஒன்றும் வரவில்லை. எண்ணுக்கான அரே 12 பைட், அதற்கு அடுத்த பைட் மோட்டார் நிலை.

தளி ரோடு எழுதியது:

புது சிம் எண்ணை எண்ணிப் பாருங்கள், 13 இலக்கம் இருக்கும். மெஷின்களுக்கான எம்2எம் சிம்களுக்கு 2018இலிருந்து 13 இலக்கம்தான். எழுதியவர் 10 இலக்க மொபைல் எண்ணை மனதில் வைத்து 12 பைட் ஒதுக்கியிருக்கிறார். 13 இலக்கமும் பூஜ்ய பைட்டும் சேர்ந்து 14. கடைசி இலக்கம் நேராக மோட்டார் நிலையின் மேல் போய் உட்காரும். பூஜ்யம் இல்லாத எதுவும் உங்கள் கோடில் 'ஓடுகிறது' என்றால், நிற்கிற மோட்டாரை ஆப் ஓடுவதாகக் காட்டியிருக்கும். அப்படிப் புகார் வந்திருக்கிறதா?

சானிடைசர் இதைப் பிடிக்காததில் வியப்பில்லை, ஒரே ஸ்ட்ரக்சருக்குள் ஒரு உறுப்பிலிருந்து அடுத்ததற்கு வழிவதை அது பார்ப்பதில்லை. கேனரிக்கும் தெரியாது. ஸ்டர்காப்பியில் ஃபோர்டிஃபை மட்டும்தான் உறுப்பின் அளவைப் பார்த்துப் பிடித்தது.

சின்னாற்றங்கரை எழுதியது:

வந்திருக்கிறது அண்ணா. காரிமங்கலம் பக்கத்து விவசாயிகள் இருவர், ஆப் ஓடுகிறது என்கிறது, போய்ப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றார்கள். சென்சார் கோளாறு என்று சொல்லி ஆம்ப்ஸ் பார்க்கும் சிடி காயிலை மாற்றிக் கொடுத்தோம், சரியாகவில்லை.

பர்கூர் பழைய மாணவி எழுதியது:

அவர்கள் இருவருக்கும் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள், ஆப்பை நம்பித் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டிருப்பார்கள். அரேயை 16 ஆக்கி, காப்பிக்கு முன் எண்ணின் நீளத்தைச் சோதித்து, இலக்கம் அல்லாத எழுத்து வந்தால் நிராகரியுங்கள். டேட்டாபேஸில் சிம் எண் இருக்கும் பத்தியின் அகலத்தையும் பாருங்கள், அங்கேயும் யாராவது 10 என்று வைத்திருக்கலாம். ஸ்ட்ரக்சரை அப்படியே கோப்பில் எழுதி வைக்கும் பழக்கம் கோடில் இருந்தால் அளவு மாறியதும் பழைய கோப்புகள் தப்பாகப் படிக்கும், அதை மாற்றிவிட்டுப் பெட்டிகளை இணையுங்கள்.