கூத்துப் பைத்தியத்தைக் கதையாக்குவது எப்படி?

கேள்வி (கல்லடி): சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூத்து என்றால் உயிர். ஆனால் சிறுகதை எழுத உட்கார்ந்தால் எங்கோ வாசித்த நகரத்துக் காதல் கதைதான் வருகிறது. என்ன செய்யலாம், அண்ணாமார், அக்காமார்?

பதில் 1: தம்பி, வடமோடி, தென்மோடி என்று கூத்தின் இரண்டு வகைகளுக்கும் விளக்கம் சொல்வதெல்லாம் கட்டுரைக்குச் சரி, கதைக்கு வேண்டாம். அரங்கேற்றத்தை எல்லாரும் எழுதுவார்கள், நீங்கள் அதற்கு முன்னால் ஆடுபவர்கள் முதன்முதலாகக் காலில் சதங்கை கட்டும் சதங்கை அணி இரவை எடுங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிப் பார்க்கும்போது சதங்கை கட்டக் குனிந்த பெடியனுக்குக் கை நடுங்குமே, அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள்தானே.

பதில் 2: அக்கா சொல்வது சரி. அப்புறம், விடியும்வரை ராசாவாக ஆடியவர் காலையில் வயலுக்குப் போவாரே, அவருடைய கடன், முழங்கால் வலி, அதையும் எழுதுங்கள்.

கேட்டவர்: நன்றி. சதங்கை அணியிலிருந்தே தொடங்குகிறேன், எழுதியதும் இங்கே போடுகிறேன்.