சரக்கு ரயிலைக் காண்பதா, நோக்குவதா? ஒரு கலைச்சொல் வேண்டும்

முதல் மடல்

அன்புடையீர், துறைமுக நகரங்களைச் சுற்றி ஓடும் சரக்கு ரயில்களைப் பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ என்பதை ‘ரயில் பார்த்தல்’ என்று எழுதினால், வழியனுப்ப வந்தவர் செய்யும் காரியம்போல் ஆகிவிடுகிறது. துறைமுக வாயிலை நெருங்கும் வண்டி வேகம் தணிந்து ஊர்ந்து வரும்போது, திறந்த நிலக்கரி வேகன்கள் எத்தனை, எண்ணெய் வேகன்கள் எத்தனை, தட்டை வேகன்களில் இருப்பவை 20 அடிப் பெட்டகங்களா 40 அடிப் பெட்டகங்களா, சுருள்வில் அமுங்கியிருப்பதைக் கொண்டு வேகன் பாரத்தோடு போகிறதா வெறுமையாகப் போகிறதா என்றெல்லாம் கவனித்து, எண்ணையும் நேரத்தையும் ஏட்டில் குறித்துக்கொள்வதே இது. ‘தொடரி காணல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

இரண்டாம் மடல்

அம்மையீர், ‘தொடரி’யில் இலக்கணப் பிழை இல்லை. இகர விகுதி ஊருணியில் செயப்படுபொருளையும் மண்வெட்டியில் கருவியையும் உணர்த்துவதுபோல், இங்கே வினைமுதலை உணர்த்துகிறது. ஆயினும் தொடரி என்பது ஒரு முட்செடிக்கும் பெயர். புதர் மண்டிய பாதையோரத்தில் நின்று தொடரியைக் கண்டேன் என்று ஒருவர் எழுதினால், எந்தத் தொடரி என்று கேட்க வேண்டிவரும். காணல் என்பது தற்செயலாகக் கண்ணில் படுவதற்கும் பொருந்தும். நோக்கல் கருத்தோடு பார்ப்பது. பறவை நோக்கல் என்று ஏற்கெனவே வழங்குகிறோம். காமத்துப்பாலின் குறிப்பறிதல் அதிகாரம் முதற்குறளிலேயே நோக்கை நோயாகவும் மருந்தாகவும் காட்டுவதை, இந்தப் பொழுதுபோக்கில் விழுந்தவர்கள் நன்றாகவே உணர்வார்கள். எனவே ‘சரக்கு நோக்கல்’ என்பது என் முதல் பரிந்துரை. பட்டினப்பாலையில் துறைமுகத்துக்கு மிளகு மூடைகள் ‘காலின்’ வருகின்றன. கால் என்பது சக்கரம், ஆகுபெயராக வண்டி என்பது என் துணிபு. அதைக் கொண்டு ‘காலூர்தி நோக்கல்’ என்றும் ஆக்கலாம்.

மூன்றாம் மடல்

ஐயா, நான் துறைமுக மேலாண்மை கற்பிப்பவன். ‘சரக்கு நோக்கல்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பை அமைதியாக நடத்த யாராலும் முடியாது. ‘சரக்கு’ என்ற சொல் தனியாக நின்றால் மாணவர்களுக்குப் புட்டிதான் நினைவுக்கு வருகிறது. ‘காலூர்தி’யை அவர்கள் மிதிவண்டி என்பார்கள். பட்டினப்பாலையில் எனக்குத் தேவைப்படுவது வேறிடம்: அங்கே பொதிகளின்மேல் புலி முத்திரை பொறிக்கிறார்கள், இன்று பெட்டகத்தின்மேல் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கின்றன. கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் சரிபார்ப்பதற்கானது என்பதால், ஓடும் வண்டியில் ஒன்றைத் தவறாகக் குறித்திருந்தாலும் வீட்டில் கணக்கிட்டுப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பிரிட்டனிலும் 1942இல் இன்ஜின் எண்களின் பட்டியல் சிறு நூலாக வெளிவந்து, கண்ட எண்ணைக் கோடிட்டு வைக்கும் பழக்கம் பரவிய பிறகே இந்தப் பொழுதுபோக்கு பெருகியது. ஆகவே ‘எண் குறித்தல்’ என்ற கருத்து சொல்லுக்குள் வர வேண்டும் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் ஏடே எடுக்காமல், தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டும் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பவரையும் அந்தச் சொல் வெளியே தள்ளிவிடும். நோக்கலே இருக்கட்டும், முன்னால் எல்லாருக்கும் தெரிந்த ‘ரயில்’ இருக்கட்டும்.

நான்காம் மடல்

இருவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய நால்வரில் மூவர் ‘சரக்கு ரயில் நோக்கல்’ என்பதை ஏற்கிறார்கள். ஒருவர் ‘தொடர்வண்டி’ இல்லாவிட்டால் தம் பெயரை நன்றியுரையில் சேர்க்க வேண்டாம் என்கிறார். ஆளைக் குறிக்க ‘ரயில் நோக்குநர்’ என்று எழுதி, அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் மடல்

அம்மையீர், பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. மெய்ப்பு இன்னும் கையில் இருந்தால், ‘இரயில்’ என்றாவது திருத்திவிடுங்கள்.