வாற சீசனுக்கு மேப்பிள் பாணி காய்ச்ச ஆயத்தம்: 50 டாப், ஒரு ட்ரே, காணுமோ?

காணிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில, பீற்றர்பரோவுக்கு வடக்கால ஒரு காணி வாங்கி இருக்கிறம், பின்பக்கம் முழுக்க மரம், அதில கனக்க மேப்பிள். வாற மார்ச்சில முதல்முறையா அந்த மரத்தில சாறு வடிச்சு பாணி காய்ச்சுவம் எண்டு நானும் மனுசியும் முடிவெடுத்திட்டம். வீட்டுக்கும் சொந்தக்காரருக்கும் எண்டுதான் யோசனை, மிஞ்சினா ரோட்டோரம் ஒரு மேசை போட்டு விப்பம் எண்டு மனுசி சொல்லுறா.

இப்ப ஒக்டோபர், இலை இன்னும் முழுக்கக் கொட்டேல்ல. கையில இருக்கிறது என்னெண்டா, 2 அடிக்கு 3 அடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டை ட்ரே ஒண்டு, அது புதுசு. சீமெந்துக் கல்லு அடுக்கி அடுப்புக் கட்டி அதுக்கு மேல வைக்கிறதுதான் பிளான். ஒரு ஏலத்தில பழைய கல்வனைஸ் வாளி 50 மூடியோட வாங்கினனான், ஸ்பைலும் (ஓட்டையில செருகிச் சாறை வாளிக்கு வடிக்கிற குழாய்) அதோடயே வந்தது, பெரிய ஓட்டை போடுற அந்தக் காலத்து வகை. விறகு மூண்டு ஃபேஸ் கோர்ட் (4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு ஒரு வரிசையா அடுக்கினது ஒண்டு) இருக்கு, போன வசந்தத்தில பிளந்து கூரைக்குக் கீழ அடுக்கினது. ஹைட்ரோமீற்றர் (பாணியில மிதக்கவிட்டு சீனி அளவு பாக்கிறது), ஃபில்டர் ஒண்டும் இன்னும் வாங்கேல்ல.

எனக்குத் தெரிய வேண்டியது, 50 டாப் அடிச்சா, அதாவது சாறு வடிக்க மரங்களில 50 ஓட்டை போட்டா, இந்த ஒரு ட்ரே தாங்குமோ? விறகு காணுமோ? எந்த மரத்தைத் தொடலாம், எதை விடோணும் எண்டு எப்பிடிப் பாக்கிறது? பனி விழ முந்தி இப்பவே முடிக்க வேண்டிய வேலை என்ன, பெப்ரவரி வரைக்கும் விடக்கூடியது என்ன? அனுபவம் உள்ள ஆக்கள் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கோ.

விறகுக்கொட்டில்:

வணக்கம் தம்பி, ஒக்டோபரிலயே கேட்டது நல்லாப் போச்சு, ஏனெண்டா இந்த வேலையில முக்கால்வாசி பனிக்கு முந்தித்தான் இருக்கு, மார்ச்சில வாறது காய்ச்சுறதும் ஓடுறதும் மட்டும்தான்.

முதல் மரம். இலை நிக்கேக்கயே நாளைக்கே போய் ரிப்பன் கட்டுங்கோ. சுகர் மேப்பிள்தான் உங்களுக்கு வேணும், அதின்ர சாறில சீனி கிட்டத்தட்ட 2 வீதம் இருக்கும். ரெட் மேப்பிள், சில்வர் மேப்பிளிலயும் எடுக்கலாம், ஆனா சீனி குறைவு, மொட்டும் வெள்ளெனவே வீங்கும், மொட்டு வீங்கினாப் பிறகு வாற சாறில காய்ச்சின பாணிக்கு ஒரு கெட்ட வாசம் வரும், அதை என்ன செய்தாலும் போக்க ஏலாது. இலை கொட்டின பிறகெண்டா கொப்பைப் பாருங்கோ, மேப்பிளுக்கு கொப்பு நேருக்கு நேர் சோடியா வரும், சுகர் மேப்பிளின்ர மொட்டு மண்ணிறமா கூரா இருக்கும், ரெட் மேப்பிளுக்கு சிவப்பா உருண்டையா இருக்கும். ஆஷ் மரத்துக்கும் சோடிக் கொப்புத்தான், அதால கொப்பை மட்டும் நம்பாதேங்கோ, மொட்டையும் பட்டையையும் சேர்த்துப் பாருங்கோ.

அளவு, நெஞ்சு உயரத்தில குறுக்களவு 25 சென்டிமீற்றர் இருந்தா ஒரு டாப். தையல் ரேப்பைச் சுத்திப் பிடிச்சா ஏறக்குறைய 80 சென்டிமீற்றர் வரும், அதுக்குக் குறைஞ்ச மரத்தை வளர விடுங்கோ. 45 சென்டிமீற்றருக்கு மேல போனா ரெண்டு. எவ்வளவு பெரிய மரமெண்டாலும் அதுக்கு மேல நான் போடமாட்டன். கோடையில புழு இலையைத் தின்ற மரம், உச்சி காய்ஞ்சு நிக்கிற மரம் இருந்தா அதுக்கு இந்த வருஷம் ஓய்வு குடுங்கோ, அது சேத்து வைச்ச சீனியைத்தானே நாங்கள் எடுக்கிறம்.

இப்ப உங்கட கணக்கு. நல்லா ஓடுற நாளில ஒரு டாப்புக்கு 4 லீற்றர், 5 லீற்றர், சிலவேளை அதுக்கும் மேல வரும். 50 டாப் எண்டா ஒரே நாளில 250 லீற்றர். தட்டை ட்ரேயில ஒரு சதுர அடிக்கு மணித்தியாலத்துக்கு ஒரு அமெரிக்க கலன் தண்ணி ஆவியாப் போகும் எண்டு பொதுவாச் சொல்லுகினம், அதுவும் நெருப்பு நல்லா எரிஞ்சாத்தான். உங்கட ட்ரே 6 சதுர அடி, அப்ப மணித்தியாலத்துக்கு 23 லீற்றர் கிட்ட. 250 லீற்றர் காய்ச்ச பத்துப் பதினொரு மணித்தியாலம், நடுவில நெருப்புத் தணியக்கூடாது. அடுத்த நாளும் ஓடினா? பகல் வேலைக்குப் போற ஆளுக்கு இது ஏலாது. முதல் வருஷம் 25, மிஞ்சினா 30 டாப்போட நில்லுங்கோ. காய்ச்ச ஏலாத சாறு புளிச்சுப்போய் நிலத்தில ஊத்துப்படும், மரத்தில ஓட்டையும் போட்டு அதில வந்ததையும் ஊத்துறதெண்டா எனக்கு மனசு கேக்காது.

விறகும் அப்பிடித்தான். மூண்டு ஃபேஸ் கோர்ட் சேர்ந்தாத்தான் ஒரு புஷ் கோர்ட். சாறு காய்ச்சவெண்டே செய்த நல்ல ஈவாபரேற்றர் அடுப்பில ஒரு புஷ் கோர்ட்டுக்கு 75 லீற்றர் பாணிக்கு மேல எடுக்கலாம், கல்லடுப்பில சூடு பாதி வெளியால போயிடும், அதில அரைவாசி வந்தாலே பெரிய காரியம். ஒரு டாப்புக்கு சீசன் முழுக்க சுமார் ஒரு லீற்றர் பாணி எண்டு பாத்தா 30 டாப்புக்கு உங்கட விறகு மட்டுமட்டாக் காணும், 50க்குக் காணாது. இப்பவே மணிக்கட்டு மொத்தத்துக்கு இன்னும் சின்னனாப் பிளந்து வையுங்கோ. மொத்த விறகு வீட்டு அடுப்புக்குச் சரி, இதுக்கு பெரிய சுவாலைதான் வேணும், சுவாலை ட்ரேயின்ர அடி முழுக்கத் தடவோணும்.

அடுப்பு கட்டேக்க சீமெந்துக் கல்லு சூட்டில வெடிக்கும், உள்பக்கம் ஃபயர் பிரிக் வையுங்கோ. கீழ இரும்புக் கிராதி போட்டு காத்து அடியால வரப்பண்ணுங்கோ, பின்பக்கம் உயரமான புகைக்குழாய் ஒண்டு. நிலம் உறைய முந்தி மட்டம் பாத்துக் கட்டிப்போடுங்கோ, ட்ரே ஒரு பக்கம் சரிஞ்சா மற்றப் பக்கம் கருகும். வீட்டுக் குசினிக்குள்ள காய்ச்சுற யோசனை இருந்தா விடுங்கோ, அவ்வளவு நீராவியும் சுவரிலதான் இறங்கும்.

பச்சைமலை:

வணக்கம், நான் வெர்மான்ட்ல இருக்கேன், இங்க நாங்க சின்ன அளவுல பண்றோம். விறகு அண்ணன் சொன்னதுல எனக்கு மாத்துக்கருத்து எதுவும் இல்ல, ஆனா அவர் தொடாத ஒரு விஷயம் இருக்கு, அது ரொம்ப முக்கியம். அந்த ஏலத்துல வாங்கின வாளிங்க.

பழைய கால்வனைஸ் வாளில இணைப்புல வச்ச ஈயப்பற்றுல நிஜமாவே ஈயம் இருக்கலாம், சில பழைய வாளிக்கு மேல்பூச்சே ஈயம் கலந்ததா இருக்கும். பழைய காய்ச்சுற பேன்லயும் இதே கதைதான், உங்க ட்ரே புதுசுங்கறதால அது பரவால்ல, ஆனா வாங்கின இடத்துல வெல்டிங்கா பற்றான்னு ஒரு தடவை கேட்டுடுங்க. சாறு லேசா புளிக்க ஆரம்பிச்சா ஈயத்த இன்னும் நல்லா இழுக்கும், அப்புறம் நாம என்ன பண்றோம், 40 லிட்டர ஒரு லிட்டரா சுண்ட வைக்கிறோம், அதுல என்ன இருந்தாலும் சேர்ந்தேதான் சுண்டும். வீட்ல குழந்தைங்க சாப்பிடுற பொருள். அந்த வாளிய எல்லாம் செடி வைக்க, சாம்பல் அள்ள வச்சுக்கோங்க, சாறு பிடிக்க வேணாம். உணவுக்குன்னே செஞ்ச பிளாஸ்டிக் வாளி மூடியோட வாங்குங்க, இல்லன்னா சாறு பிடிக்கிற பை கிடைக்குது, 30 டாப்புக்கு செலவு ஒண்ணும் பெருசா ஆகாது.

ஸ்பைலும் மாத்துங்க. பழசு 7/16 இன்ச், இப்ப எல்லாரும் 5/16தான் போடுறாங்க, சாறு கிட்டத்தட்ட அதே அளவு வருது, ஓட்டை சின்னதுங்கறதால மரம் சீக்கிரம் மூடிக்குது. எதுக்கு இதுல இவ்வளவு கறாரா இருக்கேன்னா, நீங்க போடுற ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலயும் கீழயும் கொஞ்ச தூரத்துக்கு உள்ள இருக்கிற கட்டை கறுத்து செத்துடும், மரம் அந்த இடத்த அப்படியே அடைச்சு வச்சுடும், அதுல திரும்ப சாறு ஓடாது. அதனால அடுத்த வருஷம் அதே இடத்துக்கு நேர் மேலயோ கீழயோ போடாம பக்கவாட்டுல தள்ளி, உயரமும் மாத்திப் போடணும். டிரில் பிட் புதுசா கூரா இருக்கணும், ஒன்றரை இன்ச் ஆழம் போதும், லேசா மேல பாத்து போட்டா சாறு தானா வடியும். வர்ற தூள் வெள்ளையா க்ரீம் கலர்ல இருந்தா நல்ல இடம், பழுப்பா வந்தா செத்த கட்டை. ஸ்பைல சுத்தியலால மெதுவா தட்டுங்க, சத்தம் மாறினதும் நிறுத்திடுங்க, ஓவரா அடிச்சா கட்டை பிளந்து சாறு ஓரமா கசியும்.

எப்ப டாப் பண்றதுன்னு தேதி பாக்காதீங்க, வானிலைய பாருங்க. ராத்திரி உறையணும், பகல்ல பூஜ்யத்துக்கு மேல 4, 5 டிகிரி வரணும், அந்த ஏற்ற இறக்கம்தான் மரத்துக்குள்ள அழுத்தத்த உண்டாக்கி சாற வெளிய தள்ளுது. உங்க பக்கம் பிப்ரவரி கடைசிலேர்ந்து மார்ச் நடு வரைக்கும் எப்ப வேணா ஆரம்பிக்கலாம். ஜனவரில ரெண்டு நாள் வெயில் அடிச்சுதுன்னு ஓட்டை போட்டுடாதீங்க, போட்ட நாள்லேர்ந்தே கிருமி வளர ஆரம்பிச்சு ஓட்டை அடைச்சுக்கும், ஆறு வாரம் ஏழு வாரத்துல காஞ்சுடும், கடைசில நல்லா ஓடுற நேரத்துல உங்க ஓட்டை மூடியிருக்கும். அன்டர்ஹில்ல இருக்கிற வெர்மான்ட் பல்கலைக்கழகத்தோட ப்ராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையம் இந்த சுத்தம் பத்தி வருஷக்கணக்கா வேலை பண்ணிருக்காங்க, ஸ்பைல வருஷா வருஷம் புதுசா மாத்தினாலே சாறு கூடுதுன்னு அவங்க காட்டினதுதான் இங்க எல்லாரும் இப்ப பண்றது.

காணிக்காரன்:

ரெண்டு பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. பழைய வாளியை ஒதுக்கி வைச்சிட்டன், 30 டாப்புக்கு புதுசு பாக்கிறன். மனுசி கேக்கிறா, வேலை நாளில வடியிற சாறை சனிக்கிழமை வரைக்கும் வைச்சிருக்கலாமோ? பாணி பதம் வந்திட்டுது எண்டு எதை வைச்சு முடிவெடுக்கிறது? ஃபில்டர் கட்டாயமோ?

சாறுவடி:

அக்காவுக்குச் சொல்லுங்கோ, சாறைப் பால் மாதிரி நினைச்சா சரி. 4 பாகைக்குக் கீழ, வெயில் படாத இடத்தில, நல்ல சுத்தமான பீப்பாவில வைச்சு சுத்திவர பனியைக் குவிச்சுவிட்டா ரெண்டு மூண்டு நாள் நிக்கும். மார்ச் கடைசியில வெக்கை வந்தா ஒரு நாளே கூட. கலங்கலா வந்தா, நூல் மாதிரி இழுபட்டா விட்டிடுங்கோ. வாளியில மேலால ஐஸ் கட்டி நிண்டா அதை எடுத்து எறியலாம், அதில சீனி மிகக் குறைவு, உங்களுக்கு விறகு மிச்சம். அதால திங்கள் தொடக்கம் வெள்ளி மட்டும் சேக்கிற கதை சரிவராது, கிழமை நடுவில ஒரு பின்னேரமாவது நெருப்பு மூட்டுற மாதிரி வீட்டில பேசி வையுங்கோ.

பதம் எண்டா கண்ணை நம்பாதேங்கோ, எவ்வளவு பனம்பாணி காய்ச்சின கை எண்டாலும். பச்சைத்தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல 4 பாகை ஏறினா பாணி. ஆனா தண்ணி எத்தினை பாகையில கொதிக்குது எண்டது காத்தமுக்கத்தோட நாளுக்கு நாள் மாறும், அதால காய்ச்சுற அண்டைக்கு அதே தேமாமீற்றரை கொதிதண்ணியில வைச்சு முதல் பாத்துக்கொள்ளுங்கோ. கிட்ட வரேக்க ஹைட்ரோமீற்றர், அதுதான் கடைசித் தீர்ப்பு. ஒன்ராறியோவில பாணி எண்டு விக்கிறதுக்கு ஆகக் குறைஞ்சது 66 பிரிக்ஸ், அதாவது 66 வீதம் சீனி, வேணும். குறைஞ்சா பூஞ்சணம் பிடிக்கும், கனக்கக் கூடினா போத்தில் அடியில கற்கண்டு கட்டும். ஹைட்ரோமீற்றர் மெல்லிய கண்ணாடி, ரெண்டு வாங்கி வையுங்கோ, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒண்டு உடைஞ்சா கடை பூட்டு.

ட்ரேயில எப்பவும் ஒண்டரை அங்குலத்துக்குக் குறைய விடாதேங்கோ, கடைசிப் பதத்தை ட்ரேயில எடுக்கவும் வேண்டாம், தண்ணி வத்தி பொன்னிறம் வந்தவுடன சின்னப் பானைக்கு மாத்தி காஸ் அடுப்பில முடியுங்கோ. விறகு நெருப்பைத் திருகிக் குறைக்க ஏலாது, கடைசி நேரத்தில கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கருகிடும். பொங்கினா ஒரு துளி பட்டர் காணும், ஆனா விக்கிற நோக்கம் இருந்தா பாலுக்கு ஒவ்வாமை உள்ள ஆக்கள் இருப்பினம், சூரியகாந்தி எண்ணெய் பாவியுங்கோ.

ஃபில்டர் கட்டாயம் வேணும். காய்ச்சேக்க சாறில இருக்கிற கல்சியம் எல்லாம் மணல் மாதிரி இறங்கும், வடிக்காட்டி போத்திலுக்கு அடியில சேறாக் கிடக்கும். கம்பளிக் கூம்பு ஒண்டு, அதுக்குள்ள வைக்க மெல்லிய பிரீஃபில்டர் அஞ்சாறு. முதல் சுடுதண்ணியில நனைச்சுப் போட்டு பாணியைச் சூட்டோட ஊத்துங்கோ, ஆறினா இறங்காது. கூம்பை சவுக்காரம் போட்டுத் தோய்க்கக்கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது, வெறும் சுடுதண்ணி மட்டும். சவுக்கார வாசம் ஏறினா அடுத்த பாணியில அப்பிடியே வரும். வாளி, பீப்பா கழுவவும் இதே கதைதான், வாசமில்லாத பிளீச் கொஞ்சம் போட்டாலும் மூண்டு தரம் அலசி வெயிலில காய விடுங்கோ. போத்திலில விடேக்க 82 தொடக்கம் 88 பாகை, மூடினவுடன சரிச்சு விட்டா மூடிக்கும் சூடு பிடிக்கும். 90க்கு மேல போனா திரும்ப மணல் இறங்கும், வடிச்சது வீண்.

ரோட்டோர மேசைக்கு வாறன். ஒன்ராறியோவுக்குள்ள விக்கிறதுக்கு 119/11 எண்ட ஒழுங்குவிதி இருக்கு, பழம், மரக்கறி, தேன், மேப்பிள் எல்லாத்துக்கும் சேர்த்து வந்தது. சின்ன ஆள், பெரிய ஆள் எண்டு பாக்காம அதை ஒருக்கா முழுக்க வாசியுங்கோ, நிற வகை, அளவு, உங்கட பேர், விலாசம் எல்லாம் லேபலில வடிவா வரோணும். கோல்டன், அம்பர், டார்க், வெரி டார்க் எண்டு நாலு நிறம், தட்டை ட்ரேயில கனநேரம் நிண்டு காயிறதால உங்களுக்கு பெரும்பாலும் அம்பர், டார்க்தான் வரும், எனக்கு அதின்ர ருசிதான் பிடிக்கும். மாகாணத்துக்கு வெளியால, கியூபெக்குக்கோ வேற எங்கயோ அனுப்பி விக்கிறதெண்டா ஃபெடரல் சட்டம் வரும், அதை இப்ப யோசிக்க வேண்டாம்.

ஒண்டு விட்டிட்டன், ட்ரேயின்ர அடியில அந்த மணல் கல்லாப் பிடிக்கும், கம்பி பிரஷ் போட்டு உரஞ்சாதேங்கோ. வெள்ளை வினாகிரியும் தண்ணியும் விட்டு ஒரு இரவு ஊற வைச்சா தானாக் கழண்டு வரும். வினாகிரி பெரிய கலனா வாங்கி வையுங்கோ, அது கனக்கப் போகும்.