தெரு உசருது, வீடு இறங்குது: புதுச்சேரி

முத்தியால்பேட்டைவாசி: பழைய தாரைச் சுரண்டாமலே மேல மேல ரோடு போட்டு, எங்க திண்ணைக்கு இருந்த மூணு படியில இப்ப ஒண்ணுதான் மிச்சம். மழை பெஞ்சா நடை வரைக்கும் தண்ணி. அடுத்து நடைபாதை போடப் போறாங்களாம். என்ன கேக்கணும்?

சைக்கிள்காரன்: முதல்ல வேலை மதிப்பீட்டு நகலை 2005 தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும். பழைய தாரைச் சுரண்டுற வேலை அதுல இருக்கான்னு பாருங்க.

ஓய்வு_ஓவர்சியர்: ஐ.ஆர்.சி. 103 (இந்திய சாலை காங்கிரஸோட நடைபாதை வழிகாட்டி) படி நடைபாதை தடையில்லாம 1.8 மீட்டராவது வேணும், உசரம் 150 மி.மீ. தாண்டக் கூடாது. டேப்போட போங்க தம்பி. எங்க தெருவுல அகலம் விட்டாங்க, நடுவுல டிரான்ஸ்பார்மரையும் வெச்சாங்க!

தாழ்வாரம்: திண்ணையை இடிக்கச் சொன்னா வைசியாள் வீதியைக் காட்டுங்க. திண்ணையும் தாழ்வாரமுமா புதுப்பிச்சதுக்குத்தான் 2008ல யுனெஸ்கோ விருது.

முத்தியால்பேட்டைவாசி: அந்த ஒரு படியையும் அளந்து போட்டோ எடுத்துட்டேன் சார்.