ஓடைக்கரைக் கயோட்டிகளைப் பிடிக்கச் சொல்லி மனு: கையெழுத்துப் போடுவீர்களா?

பின்வளவுக்காரன்
ரொறன்ரோ, ஸ்காபரோவில் ரூஜ் பூங்காவை ஒட்டி வீடு உள்ளவர்களின் கவனத்துக்கு. போன வாரம் விடிகாலையில் எங்கள் வரிசையில் ஒருவருடைய சின்ன நாயை வீட்டுப் பின்வளவில் வைத்தே கயோட்டி (coyote, நரி போன்ற காட்டு விலங்கு) கவ்விவிட்டது. நாய் பிழைத்துவிட்டது, கழுத்து முழுக்கத் தையல். இப்போது பட்டப்பகலிலும் நடைபாதையில் வந்து நிற்கின்றன. ஆளைக் கண்டால் ஓடுவதும் இல்லை. இப்பகுதியில் உள்ள எல்லாவற்றையும் பொறி வைத்துப் பிடித்து, வடக்கே அல்கொன்குயின் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்லி நகரசபை உறுப்பினருக்கு மனு எழுதியிருக்கிறேன். சம்மதமானவர்கள் பெயர் தாருங்கள்.

ஓடைநடை
அண்ணை, நாய் தப்பியது நிம்மதி. ஆனால் நீங்கள் கேட்பது நடக்கிற காரியம் இல்லை. ஒன்ராறியோ சட்டப்படி, பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள்தான் விடலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்துவிடும். ஆக, பிடித்தால் கொல்லத்தான் வேண்டும். அதை மனுவில் வெளிப்படையாக எழுதுங்கள், எத்தனை பேர் போடுகிறார்கள் என்று பார்ப்போம்.

கொன்றாலும் என்ன கிடைக்கும்? ஒவ்வொரு இடத்தையும் ஒரு சோடி தன் எல்லையாக வைத்திருக்கும். அந்தச் சோடி போனால், சொந்த இடம் இல்லாமல் அலைகிற இளசுகள் வந்து உட்காரும். ஆண்டுதோறும் முக்கால்வாசியைக் கொன்றால்தான் தொகை உண்மையில் குறையும் என்று 1970களிலேயே அமெரிக்காவில் கணக்குப் போட்டார்கள். அங்கே மேற்குப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நஞ்சு வைத்தார்கள், துவக்கால் சுட்டார்கள். கயோட்டி அழியவில்லை. கிழக்கே நியூயோர்க் நகரம் வரை பரவிவிட்டது.

பின்வளவுக்காரன்
தம்பி, வன்கூவர் ஸ்டான்லி பூங்காவில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஓகஸ்ட் வரை சுமார் 45 பேரைத் தாக்கின. சின்னப் பிள்ளைகளும் அதில் அடக்கம். கடைசியில் பூங்காவை இரவில் மூடிப் பிடித்தார்கள், எல்லாமாக 11 கயோட்டிகள் கொல்லப்பட்டன. அதோடு அந்தத் தொல்லை அடங்கியது. இங்கே லிபர்ட்டி வில்லேஜில் நாய்களைத் தொடர்ந்து தாக்கியபோதும் 2025 வசந்தத்தில் இரண்டைக் கொன்றார்களே. டவுன்டவுன் கொண்டோக்காரருக்கு ஒரு நியாயம், ஸ்காபரோவுக்கு ஒரு நியாயமா?

ஓடைநடை
வன்கூவரில் அது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். பூங்காவுக்கு வந்தவர்கள் கையால் தீனி கொடுத்திருக்கிறார்கள், குப்பைத் தொட்டிகள் திறந்து கிடந்தன. மனிதன் என்றால் சாப்பாடு என்று பழகிய விலங்கு அது. கடித்துப் பழகிய ஒன்றைக் கொல்ல வேண்டி வரலாம், அதை நான் மறுக்கவில்லை. உங்கள் மனு "இப்பகுதியில் உள்ள எல்லாவற்றையும்" என்கிறது.

இரண்டு பூனை வீடு
நாய்க்குக் கழுத்துப்பட்டி இருக்கிறது, பிடித்துக்கொண்டு நடக்கலாம். பூனையை என்ன செய்வது?

ஓடைநடை
வீட்டுக்குள் வைத்திருங்கள் அக்கா. வாகனத்தில் அடிபடாமலும் இருக்கும். தவிர, கயோட்டிக்குப் பூனை பெரிய உணவும் இல்லை. சிக்காகோவில் ஸ்டான்லி கெர்ட் என்ற பேராசிரியரின் குழு 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்துக் கயோட்டிகளைப் பின்தொடர்கிறது. 1,400க்கு மேற்பட்ட மல எச்சங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 42 விழுக்காட்டில் எலி வகைகள், பிறகு பழம், மான், முயல். பூனை 1 விழுக்காட்டுக்குச் சற்றே மேல்.

இரண்டு பூனை வீடு
லொஸ் ஏஞ்சலிசில் தேசியப் பூங்காத் துறை செய்த ஆய்வை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே நகர்ப்பகுதி எச்சங்களில் ஐந்தில் ஒன்றில் பூனை இருந்தது. வெளியே அலையும் பூனை நிறைய உள்ள இடத்தில் பூனையைத் தின்னும், இல்லாத இடத்தில் எலியைத் தின்னும். சிக்காகோ கணக்கைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்தாதீர்கள்.

கோவைக்காரன்
டொராண்டோவுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இதுவும் பார்க்க அப்படித்தான் இருக்கிறது, யோகத்தைத்தான் காணோம். சரி, கேள்விக்கு வருகிறேன். தினமும் பெண்ணை ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிப் போகிறேன். எதிரில் வந்து நின்றால் என்ன செய்ய?

ஓடைநடை
ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கையை உயர்த்திப் பெரிதாக நின்று சத்தம் போடுங்கள். தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்கினாலும் போகும். அது விலகும் வரை விடக் கூடாது, பாதியில் நிறுத்தினால் நம்மை வெறும் சத்தம் என்று கணக்குப் பண்ணிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் குட்டி இருக்கும். அப்போது நாயோடு போனால் கொஞ்சத் தூரம் பின்னாலேயே வரும். பெரும்பாலும் குட்டி இருக்கும் இடத்திலிருந்து நம்மை அனுப்பிவைக்கத்தான். அப்போது மெதுவாக, அதைப் பார்த்தபடியே விலகிவிடுங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்துக் கயோட்டியால் மனிதர் இறந்ததாகப் பதிவாகியிருப்பவை இரண்டு. 1981இல் கலிபோர்னியா கிளென்டேலில் ஒரு குழந்தை, 2009இல் கேப் பிரெட்டனில் ரொறன்ரோப் பாடகி டெய்லர் மிட்செல். வீட்டு நாய்களால் இறந்தவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு.

பின்வளவுக்காரன்
செத்தவர் எண்ணிக்கையை வைத்தா பிள்ளையை வெளியே விடுவது? அந்தக் குழந்தையின் தகப்பனிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்வீர்களா?

மருதநிலம்
நான் தோட்ட வேலைக்குப் பல வளவுகளுக்குப் போகிறவன். சண்டை போடுகிற இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. நம்மவர் வளவுகளில் காகத்துக்கு வைத்த சோறு நிலத்தில் கிடக்கிறது. பேரிப்பழம் விழுந்து அழுகிக் கிடக்கிறது. சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டி மூடி பூட்டாமல் இருக்கிறது. சோற்றுக்கு எலி வரும், எலிக்குக் கயோட்டி வரும். 2023 ஏப்ரலிலிருந்து சொந்த வளவிலும் காட்டு விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று ரொறன்ரோவில் விதி இருக்கிறது. பாட்டுப் பறவைகளுக்கான தீனிப்பெட்டிக்கு விலக்கு உண்டு.

கமலம்
அமாவாசைக்குக் காகத்துக்கு வைக்காமல் விரதம் முடிப்பது எப்படி? என் மனுசன் செத்த நாளிலிருந்து வைக்கிறேன். காகமும் பாடத்தானே செய்கிறது!

மருதநிலம்
அக்கா, விஞ்ஞானிகள் காகத்தையும் பாட்டுப் பறவை வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள், அதிகாரி வந்தால் சொல்லிப் பாருங்கள். விரதத்தை விடச் சொல்லவில்லை. ஒரு பிடி வையுங்கள், காகம் எடுக்கும் வரை நில்லுங்கள், மிச்சத்தை உள்ளே எடுத்துப் போங்கள்.

கமலம்
பனிக்காலத்தில் அது வர ஒரு மணித்தியாலம் ஆகும். நீங்கள் வந்து நில்லுங்கள் தம்பி.

இரண்டு பூனை வீடு
சோறே வைக்காத வீட்டுக்கும்தான் வருகிறது. எங்களைக் குற்றவாளி ஆக்குவது சுலபமாக இருக்கிறது. ஓடைக்கரை ஓரமெல்லாம் வீடு கட்ட அனுமதி கொடுத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

பின்வளவுக்காரன்
"எல்லாவற்றையும்" என்பதை "வளவுக்குள் புகுந்து தாக்குபவற்றை" என்று மாற்றிவிட்டேன். தீனி பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், கமலம் அக்கா கோபிக்கக் கூடாது. பிடிக்கச் சொல்லும் வரியை எடுக்க மாட்டேன். ஞாயிறு இரவுக்குள் பெயர் தாருங்கள்.

ஓடைநடை
தாக்கியது எது என்று யார் அடையாளம் காட்டுவது? பொறி ஆள் பார்த்துப் பிடிக்காது. தீனி வரி மட்டும் உள்ள மனுவென்றால் என் பெயரைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தென்றால் வேண்டாம்.

கமலம்
எனக்கு அந்தத் தீனி வரிதான் வேண்டாம். மற்றதற்குப் போடுகிறேன்.