கலைச்சொல் உதவி: ‘புரொஜெக்ட் பேஸ்ட் லேர்னிங்’, வெள்ளிக்கு முன் வேண்டும்

அட்டன், ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். ஆசிரிய மாணவர்களுக்கான எங்கள் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘புரொஜெக்ட் பேஸ்ட் லேர்னிங்’, அதாவது பிள்ளைகள் ஒரு வேலையைத் தாமே செய்து கற்கும் முறை, இந்த ஒன்றுக்கே அதில் மூன்று பெயர் கிடக்கிறது: செயற்றிட்ட முறை, கருத்திட்டக் கற்றல், ஒப்படைவழிக் கற்றல். ஒன்றுதான் இருக்க வேண்டும். ‘ஒப்படை’ வேண்டவே வேண்டாம் என்பேன். பிள்ளைகளுக்கு ஒப்படை என்றால் கொமியூனிகேஷன் கடையில் படம் பிரின்ட் எடுத்து, மட்டை போட்டு, ரிபன் கட்டிக் கொடுப்பது. கையேட்டில் உள்ள உதாரணம் அப்படியில்லை. தரம் 9 பிள்ளைகள் சோடாப் போத்தலை வெட்டி மழைமானி செய்கிறார்கள். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, தினமும் காலையில் அளக்கிறார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. அதை வைத்துத் தங்கள் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீடுகளுக்கே) எச்சரிக்கைப் பலகை எழுதுகிறார்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்த பிறகு இது வெறும் பாடம் இல்லை.

கண்டி, மொழிபெயர்ப்பாளர்:
டீச்சர், செயற்றிட்டம் இலங்கையில் நிலைத்துவிட்ட சொல். செயல் + திட்டம். கல் + தூண் கற்றூண் ஆவதுபோல. ‘கருத்திட்டம்’ வீதி, வீடமைப்பு என்று அரச கடிதங்களில் நிதியோடு வருவது, வகுப்பறைக்கு ஒட்டாது. ‘செயல்வழிக் கற்றல்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அது அட்டைகளை வைத்து ஏணிப்படியாகப் படிக்கும் வேறொரு முறையின் பெயர்.

பதுளை, தமிழாசிரியர்:
திட்டம் வடசொல்லின் வழி வந்தது என்பார்கள், அதைக்கூட விடுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் 1918இல் இந்த முறையை விளக்கியபோது நடுவில் வைத்தது பிள்ளை மனமார ஏற்கும் நோக்கத்தை. புரொஜெக்டின் இலத்தீன் வேருக்கு ‘முன்னே எறிதல்’ என்று பொருள். நம் கணிதப் புத்தகத்து ‘எறியம்’ (புரொஜெக்டைல்) அந்த வேரின் பிள்ளைதான். முன்னே எறிவது கல்லை மட்டுமா? முயற்சியையும்தான். வள்ளுவர் அதற்கு ‘ஆள்வினையுடைமை’ என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். ‘ஆள்வினைக் கற்றல்’ என்றால் என்ன குறை?

தலவாக்கலை, விஞ்ஞான ஆசிரியர்:
சேர், நல்ல தமிழ், மறுக்கவில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் ‘வினை’ என்றதும் செய்வினைதான் காதில் விழும். ‘ஆள்’ என்றால் வேலைக்குப் பேர் போடும் ஆள். புரொஜெக்ட் என்றே எழுதலாமே? தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்தும் காலையில் ஆள் கூட்டும் பெரட்டும் வெளியிலிருந்து வந்தவைதானே, யாருக்கு விளங்கவில்லை?

கண்டி, மொழிபெயர்ப்பாளர்:
கவாத்து அரபுச் சொல், இந்துஸ்தானி வழியாக வந்தது, முதலில் படைப்பயிற்சி. பெரட்டு ஆங்கிலப் ‘பரேட்’. செடி வெட்டவும் படைச்சொல், விடியலில் ஆள் கூட்டவும் படைச்சொல். தோட்டம் எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

பதுளை, தமிழாசிரியர்:
அதனால்தான் சொல்கிறேன். அந்தச் சொற்களை நம் மீது சுமத்தினார்கள். இன்று சொல்லைத் தெரிவது நாம்.

அட்டன், ஆசிரியை:
தயவுசெய்து தலைப்புக்கு வாருங்கள். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் செயற்றிட்டத்துக்கே ஆதரவு அதிகம். ‘செயற்றிட்டவழிக் கற்றல்’ என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘பிள்ளைகள் தாமே எடுத்துக்கொண்ட ஒரு நோக்கத்துக்காக’ என்ற தொடர் சேரும். பதுளை சேர், இது உங்களுக்காக.

பதுளை, தமிழாசிரியர்:
அச்சிடுங்கள் டீச்சர், நேரமில்லை என்பது தெரியும். ஆனாலும் என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ‘திட்டம்’ என்று கண்டால் ஆசிரியர் முதல் நாளே அட்டவணை எழுதிப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவார். மழைமானியைக் கூரை ஓரத்தில் வைத்தால் தகரத்துத் தண்ணீரும் விழுந்து கணக்குப் பிழைக்கும். அதைப் பிள்ளைகள் வைத்துப் பார்த்து, வாதாடி, தாங்களே இடம் மாற்ற வேண்டும். அதையும் ஆசிரியரே திட்டமிட்டுவிட்டால் மிஞ்சுவது பழைய ஒப்படைதான். அடுத்த பதிப்புக்கு வேறு சொல்லோடு வருகிறேன்.